ஃப்ளூ ஊசி மட்டும் ஏன் வருஷா வருஷம்? வைரஸின் வேஷத்தைப் படித்த மாரிஸ் ஹில்மேன்

ஆபீஸ் மெயிலில் ஒரு அறிவிப்பு வருகிறது. இந்த ஆண்டுக்கான ஃப்ளூ தடுப்பூசி முகாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. போன வருஷம்தானே போட்டோம் என்று அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சந்தேகமும் நியாயமானதுதான். குழந்தையாக இருந்தபோது தட்டம்மைக்குப் போட்ட இரண்டு ஊசி, ஆயுள் முழுக்கக் காவல் நிற்கிறது. ஃப்ளூ ஊசி மட்டும் ஏன் ஒரே வருஷத்தில் பழசாகிவிடுகிறது?

இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. தட்டம்மை, ஃப்ளூ இரண்டோடும் மல்லுக்கட்டியவர் அவர். 40-க்கும் மேற்பட்ட தடுப்பூசிகளை உருவாக்கியவர். 1957-ல் ஒரு பெருந்தொற்று கிளம்புவதை நாளிதழ் செய்தியிலிருந்தே மோப்பம் பிடித்தவர். அதே பெருந்தொற்று இந்தியாவுக்குள் நுழைந்த வாசல், நம்ம மெட்ராஸ் துறைமுகம்.

அவர் பெயர் மாரிஸ் ஹில்மேன்.

பெருந்தொற்றின் வாலில் பிறந்தவர்

1919 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள மைல்ஸ் சிட்டி என்ற சிற்றூர். 1918-ல் தொடங்கிய ஃப்ளூ பெருந்தொற்று உலகையே உலுக்கிவிட்டு அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் மட்டும் அதற்குப் பலியானவர்கள் ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை இருக்கலாம் என்கின்றன மதிப்பீடுகள்.

ஹில்மேன் பிறந்தது இரட்டையராக. உடன்பிறந்த பெண் குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. பிரசவமான இரண்டாம் நாள் தாயும் இறந்துபோனார். குழந்தையைப் பக்கத்துப் பண்ணையில் இருந்த சித்தப்பா குடும்பம் எடுத்து வளர்த்தது.

பண்ணை வீடு என்றால் வேலைக்குக் குறைவிருக்காது. சிறுவனின் பொறுப்பில் வந்தவை கோழிகள். தீனி போடுவது, முட்டை பொறுக்குவது, கூடு சுத்தம் செய்வது எல்லாம் அவன் வேலை. இந்தக் கோழி அனுபவம் பின்னாளில் லட்சக்கணக்கானவர்களுக்கு உதவப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சிறு வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்து பிழைத்தது பெரும்பாடு. வீட்டில் கட்டுப்பாடான கிறிஸ்தவச் சூழல். பையனோ தேவாலயத்தில் உட்கார்ந்து டார்வினின் பரிணாமப் புத்தகத்தைப் படித்து மாட்டிக்கொண்டவன். உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சூழலுக்குத் தாக்குப்பிடிப்பது மிஞ்சுகிறது என்ற அந்தப் பாடம், கடைசிவரை அவருடைய வேலையின் அடித்தளமாக இருந்தது.

பள்ளி முடித்ததும் ஜவுளிக் கடை ஒன்றில் வேலை. அந்த ஊரில் அதுவே கௌரவமான உத்தியோகம். கல்லூரிக்குப் போகலாமே என்று அண்ணன் ஒருவர் சொல்ல, உதவித்தொகை வாங்கி மொன்டானா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் மாணவராக வெளியே வந்தார். அடுத்து சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே கிளமிடியா பற்றி ஆராய்ச்சி. அது வைரஸ் என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்கள். வைரஸ் அல்ல, ஒரு வகை பாக்டீரியா என்று காட்டி 1944-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

படித்த இடத்தில் பேராசிரியர் ஆகியிருக்கலாம். ஆசிரியர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவர் மருந்து கம்பெனிக்குப் போனார். ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றுவிடாமல், ஊசியாக மாறி மக்களின் கைக்குப் போய்ச் சேரும் வேலைதான் அவருக்கு வேண்டியிருந்தது. போனதுமே, பசிபிக் பகுதியில் இருந்த ராணுவ வீரர்களுக்காக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி தயாரிக்கும் பணி. 1948-ல், அப்போது வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். சுவாச நோய்கள்தான் அங்கே அவர் துறை.

ஒரே சளி, பல வைரஸ்

ராணுவ முகாம் என்பது சுவாச வைரஸுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி. நாலு திசையிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே கூடத்தில் தூங்கி, ஒரே வரிசையில் சாப்பிடுவார்கள். ஒருவர் இருமினால் போதும்.

1953 வாக்கில் மிசௌரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்டு வுட் முகாமில் புதிய வீரர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் படுத்தார்கள். ஃப்ளூதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹில்மேன் தன் குழுவோடு போய் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். ஃப்ளூ இல்லை. அதுவரை தெரியாத வேறு வைரஸ். ஏறக்குறைய அதே நேரத்தில் வேறொரு குழு, குழந்தைகளின் மூக்கின் பின்புறச் சதையிலிருந்து இதே குடும்பத்து வைரஸைக் கண்டுபிடித்திருந்தது. அடினோ வைரஸ் என்று இன்று நாம் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வைரஸ் வேறாக இருக்கலாம். அடினோ என்ற ஒரே குடும்பத்துக்குள்ளும் மனிதரைத் தொற்றும் வகைகள் 50-க்கு மேல் இருக்கின்றன. வைரஸை ஒரே ஆளாக நினைத்தால் ஏமாந்துபோவோம். அது பெரிய கூட்டம், கூட்டத்துக்குள்ளும் சொந்தம், பகை, கிளை எல்லாம் உண்டு. ஹில்மேன் இந்தக் கண்ணோட்டத்தோடுதான் ஃப்ளூ பக்கம் திரும்பினார்.

வைரஸ் எப்படி வேஷம் மாற்றுகிறது?

கதையைத் தொடரும் முன் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், சமையலறையும் ஆதார் கார்டும் தெரிந்தால் போதும்.

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக இரண்டு புரதங்கள் இருக்கும். செல்லுக்குள் நுழையக் கதவைப் பிடிப்பது ஒன்று, அதன் பெயர் எச். வேலை முடிந்து வெளியேற உதவுவது மற்றொன்று, அதன் பெயர் என். எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் படிப்பதெல்லாம் இந்த இரண்டின் ரகங்களைத்தான். ஒருமுறை காய்ச்சல் வந்தாலோ ஊசி போட்டாலோ, நம் உடல் இந்த முள்களின் உருவத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களைத் தயார் செய்துவிடும். அடுத்த முறை அதே முகம் வந்தால் வாசலிலேயே பிடித்துவிடலாம்.

வைரஸ் அதே முகத்தோடு வந்தால்தானே!

ஃப்ளூ வைரஸின் மரபுக் குறிப்பு ஆர்என்ஏவால் ஆனது. சுமார் 13,500 எழுத்துகள். ஒவ்வொரு முறை பெருகும்போதும் இது முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகலைச் சரிபார்த்துத் திருத்தும் வசதி ஃப்ளூ வைரஸுக்குக் கிடையாது. கொரோனா வைரஸுக்கு அந்த வசதி ஓரளவு உண்டு. ஆக, ஃப்ளூவில் எழுத்துப் பிழைகள் சகஜம்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வள்ளியூர், அங்கிருந்து பஸ் பிடித்து ராதாபுரம். தொண்டையில் கரகரப்போடு வந்தவர் வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்கிறார், அம்மா பேரப்பிள்ளைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்தில் பத்துப் பேருக்கு. ஒவ்வொரு உடலிலும் கோடிக்கணக்கான நகல்கள். பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே வினை, அந்த நகல்கள் அப்படியே அழிந்துபோகும். ஏதோ ஒரு பிழை மட்டும் முள்ளின் உருவத்தை லேசாக மாற்றி, நம் எதிர்ப்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவும். அந்த நகல்தான் பிழைத்து ஊரெல்லாம் பரவும். டார்வின் சொன்னது இங்கே மாதக் கணக்கில் நடக்கிறது.

இது மெதுவான மாற்றம். பத்து வருஷத்துக்கு முன் எடுத்த ஆதார் போட்டோ மாதிரி. ஆள் அதே ஆள்தான், ஆனால் உற்றுப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். வருஷா வருஷம் ஊசியைப் புதுப்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மாற்றம் இருக்கிறது. அதுதான் ஆபத்தானது. ஃப்ளூ வைரஸின் மரபுக் குறிப்பு ஒரே நீளமாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. எட்டுக் கிண்ணம் வைத்த அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே விலங்கின் ஒரே செல்லுக்குள் சந்தித்தால், இரண்டு வீட்டுப் பெட்டிகளும் கவிழ்ந்து கிண்ணங்கள் கலந்துபோகும். வெளியே வரும் புதிய வைரஸில் சில கிண்ணங்கள் இந்த வீட்டுடையது, சில அந்த வீட்டுடையது. மேற்பரப்பு முள்ளே வேறாகிவிட்டால், ஆதார் கார்டில் முற்றிலும் வேறொருவர் போட்டோ. உலகத்தில் யாருடைய உடலுக்கும் அந்த முகம் தெரியாது.

மெதுவான நகர்வு, திடீர்த் தாவல். ஃப்ளூ வைரஸ் மாறுவதில் உள்ள இந்த இரண்டு வழிகளைப் பிரித்துப் புரியவைத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் ஹில்மேன். மரபுத் துண்டுகளைப் படிக்கும் கருவி எதுவும் அன்றைக்கு இல்லை. ஆண்டுதோறும் சேகரித்த வைரஸ்களையும், மனிதர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்களையும் மோதவிட்டுப் பார்த்தே இதைக் கண்டார். எந்த ஆண்டு ரத்தம் எந்த ஆண்டு வைரஸைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்ற பட்டியல்தான் அவர் வைத்திருந்த வரைபடம்.

1957 ஏப்ரல்: ஒரு செய்தி, ஒரு சந்தேகம்

1957 ஏப்ரல் 17. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஹாங்காங் பற்றிய செய்தி. சுமார் 2.5 லட்சம் பேருக்குக் காய்ச்சல், மருத்துவமனை வாசல்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நீண்ட வரிசையில். ஊர் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு.

பல பேர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். ஹில்மேனுக்கு அந்த எண்ணிக்கை உறுத்தியது. வழக்கமான மெதுவான நகர்வு இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் படுக்க வைக்காது. யாருக்குமே எதிர்ப்பு இல்லாத புது முகம் வந்திருந்தால்தான் இது நடக்கும்.

ஃப்ளூவைக் கண்காணிக்க உலக சுகாதார அமைப்பின் ஆய்வக வலைப்பின்னல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் கிளம்பிய அலை அதன் கண்ணில் சிக்கவில்லை. மக்கள் சீனம் அந்த அமைப்புக்கு வெளியே இருந்தது. வலையில் ஒரு பெரிய ஓட்டை.

ஜப்பானில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வகத்துக்கு ஹில்மேன் உடனே தந்தி அடித்தார். ஹாங்காங்கில் தொற்று ஏற்பட்ட கடற்படை வீரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்க வைத்து, அந்தத் தண்ணீரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மே மாத நடுவில் அது கைக்கு வந்தது.

முட்டையில் வைரஸை வளர்த்து, வெவ்வேறு வயதுக்காரர்களின் ரத்தத்தோடு சோதித்துப் பார்த்தார்கள். இளைஞர்களிடம் எதிர்ப்பொருள் இல்லை, நடுவயதுக்காரர்களிடமும் இல்லை. 70 வயதைக் கடந்த சிலரிடம் மட்டும் இருந்தது. 1889-90ல் உலகைச் சுற்றிய பெருந்தொற்றைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். அன்றைய வைரஸும் இதன் உறவா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் ஹில்மேனுக்குத் தேவையான விஷயம் தெளிவாகிவிட்டது. உலகத்தின் பெரும்பாலானவர்களுக்கு இது புது வைரஸ்.

பின்னாளில் மரபுத் துண்டுகளைப் படித்தபோது கணக்கு சரியாக வந்தது. எட்டுக் கிண்ணங்களில் மூன்று பறவை ஃப்ளூவிலிருந்து வந்தவை, ஐந்து பழைய மனித ஃப்ளூவுடையவை. மாறிய மூன்றில் எச், என் இரண்டுமே அடக்கம். எச்1என்1 போய் எச்2என்2 வந்திருந்தது.

சேவல்களை விட்டுவையுங்கள்!

செப்டம்பரில் பள்ளிகள் திறக்கும்போது அமெரிக்காவில் அலை அடிக்கும் என்று ஹில்மேன் அறிவித்தார். நம்பாதவர்கள்தான் அதிகம். சுகாதாரத் துறைகளின் அனுமதிக்காகக் காத்திருந்தால் கோடைக்காலம் போய்விடும். நேராகத் தடுப்பூசி கம்பெனிகளுக்கே வைரஸ் மாதிரியை அனுப்பினார்.

அங்கேதான் பண்ணைச் சிறுவனின் அனுபவம் கைகொடுத்தது. அன்றைய ஃப்ளூ தடுப்பூசி கருவுற்ற கோழி முட்டையில்தான் தயாராகும். முட்டை கருவுற வேண்டுமென்றால் சேவல் வேண்டும். ஆனால் முட்டைப் பருவம் முடிந்ததும் சேவல்களைக் கறிக்குப் போடுவது பண்ணைக்காரர்களின் வழக்கம். அந்த வருஷம் சேவல்களைக் கொல்ல வேண்டாம் என்று பண்ணைகளுக்குச் சொல்லச் சொன்னார். வைரஸ் ஆராய்ச்சியாளர் எத்தனையோ பேர் இருந்தார்கள். சேவலைப் பற்றி யோசித்தவர் இவர்தான்.

சில மாதங்களில் சுமார் 4 கோடி டோஸ் தயாரானது. கணித்தபடியே பள்ளிகள் திறந்ததும் தொற்று பரவியது. அக்டோபரில் உச்சத்துக்குப் போனபோது ஊசி எல்லோருக்கும் போதவில்லை. அமெரிக்காவில் சுமார் 1.16 லட்சம் பேர், உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் பேர் இறந்ததாக இன்றைய மதிப்பீடு. ஒரு பெருந்தொற்று நாட்டுக்குள் பரவும் முன்பே அதற்கான தடுப்பூசி வேலை தொடங்கியது வரலாற்றில் அதுவே முதல்முறை. அமெரிக்க ராணுவம் அவருக்கு உயரிய சேவைப் பதக்கம் கொடுத்தது.

அதே மே மாதம், மெட்ராஸ் துறைமுகம்

வாஷிங்டனில் ஹில்மேன் மாதிரியைக் கையில் வாங்கிய அதே மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தது. உள்ளே காய்ச்சலோடு பயணிகள். மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிய வழி அது. தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போன தமிழர்கள் ஊர் திரும்பும் வழி. இந்த முறை வைரஸும் டிக்கெட் இல்லாமல் கூடவே வந்தது.

இந்தியாவில் இந்த அலையைக் கவனித்துப் பதிவு செய்தது டெல்லியோ பம்பாயோ இல்லை. நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம். அங்கே பணியாற்றிய ஐ.ஜி.கே.மேனன் 1959-ல் உலக சுகாதார அமைப்பின் இதழில் எழுதிய அறிக்கைதான், அந்தப் பெருந்தொற்றின் இந்தியக் கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1957 தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிலவரம் புரியும்:

• ஏப்ரல் 17: ஹாங்காங் செய்தி ஹில்மேன் கண்ணில் படுகிறது.
• மே நடுவில்: வைரஸ் மாதிரி வாஷிங்டனுக்கு, வைரஸே மெட்ராஸுக்கு.
• மே 19 முதல்: இந்தியாவில் நோயாளிகளின் கணக்கெடுப்பு தொடங்குகிறது.
• செப்டம்பர்: அமெரிக்காவில் பள்ளிகள் திறப்பு, தொற்று அலை.
• 1958 பிப்ரவரி 8 வரை: இந்தியாவில் பதிவானவர்கள் 44,51,785 பேர், பதிவான இறப்புகள் 1,098.

அமெரிக்காவுக்குக் கிடைத்த மூன்று நான்கு மாத அவகாசம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நமக்குப் பக்கம், கப்பல் சில நாளில் வந்துவிடும். அங்கே ஊசி தயாராகி வருவதற்குள் இங்கே நாட்டின் பெரும்பகுதியை அலை தொட்டுவிட்டது. மாறும் வைரஸுக்கு எதிரான பந்தயத்தில் அறிவு மட்டும் போதாது, நேரமும் வேண்டும் என்பதற்கு 1957 மெட்ராஸ் ஒரு சாட்சி.

மகளின் தொண்டையிலிருந்து ஒரு தடுப்பூசி

அதே 1957-ல் ஹில்மேன் மெர்க் கம்பெனியில் சேர்ந்தார். 1963 மார்ச்சில் ஓர் இரவு, ஐந்து வயது மகள் ஜெரில் லின் கன்னம் வீங்கி எழுந்து வந்தாள். பொன்னுக்கு வீங்கி. மகளைப் படுக்க வைத்துவிட்டு ஆய்வகத்துக்குக் காரை விட்டார். பஞ்சுக் குச்சிகளை எடுத்து வந்து அவள் தொண்டையில் தடவி மாதிரி எடுத்தார். அந்த வைரஸைக் கோழிக் கரு செல்களில் மறுபடி மறுபடி வளர்த்தார். கோழிக்குப் பழகப் பழக மனிதரிடம் அது வலுவிழந்தது. நோய் தராது, ஆனால் நோயின் முகத்தை உடலுக்குச் சொல்லிக்கொடுக்கும். 1967-ல் அது தடுப்பூசியாக அனுமதி பெற்றது. அந்த வைரஸ் ரகத்துக்குப் பெயரே ஜெரில் லின்தான்.

யோசித்துப் பாருங்கள், இதுவும் பரிணாமம்தான். இயற்கை செய்யும் வேலையை இவர் ஆய்வகத்தில் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து மரபணு வாசிப்பு வந்தபோது இன்னொரு ஆச்சரியம். ஜெரில் லின் என்பது ஒரே வைரஸ் இல்லை, நெருங்கிய சொந்தமான இரண்டு வைரஸ் கிளைகளின் கலவை.

1968-ல் அவர் மேம்படுத்திய தட்டம்மைத் தடுப்பூசி வந்தது. 1971-ல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்தார். கல்லீரல் அழற்சி பி வைரஸுக்கான அவரது தடுப்பூசி 1981-ல் அனுமதி பெற்றது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தட்டம்மை வைரஸும் ஆர்என்ஏ வைரஸ்தான். அதிலும் எழுத்துப் பிழை வருகிறது. உலகில் 20-க்கும் மேற்பட்ட மரபு வகைகளும் அதற்கு உண்டு. ஆனால் அதன் மேற்பரப்புப் புரதம் கொஞ்சம் மாறினாலும் செல்லின் கதவைப் பிடிக்க முடியாமல் போய்விடுகிறது. வேஷம் போட்டால் பிழைப்பு கெடும். அதனால் முகத்தை மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்று உலகில் பயன்படும் தட்டம்மைத் தடுப்பூசிகள் பலவும், 1954-ல் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவரிடமிருந்து எடுத்த ஒரே வைரஸின் வழித்தோன்றல்கள். இந்தியாவில் போடப்படும் ரகமும் அதில் ஒன்று. 70 ஆண்டு பழைய முகம், இன்னும் செல்லுபடியாகிறது.

ஃப்ளூவுக்கு முகத்தை மாற்றினாலும் பிழைப்பு ஓடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முரட்டு ஆள், சில கேள்விகள்

ஹில்மேன் இனிமையான மேலதிகாரி இல்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. வேலையில் தவறினால் தூக்கிவிடுவார். வேலையைவிட்டு நீக்கியவர்களின் தலைகள் என்று வேடிக்கையாகச் சில பொம்மைத் தலைகளை அறையில் வைத்திருந்தார். கம்பெனி நடத்திய நாகரிகப் பயிற்சி வகுப்புக்குப் போக மறுத்துவிட்டார்.

இதைவிடக் கனமான விமர்சனமும் இருக்கிறது. 1960-களில் தடுப்பூசிகளைச் சோதித்தபோது, காப்பகங்களில் இருந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அது பரவலான வழக்கம். இன்றைய நெறிமுறைகள் அதை ஏற்காது. அவர் சாதனையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தன் துறைக்கே சங்கடம் தந்த உண்மையையும் அவர் மறைக்கவில்லை. குரங்குச் சிறுநீரகச் செல்களில் தயாரான போலியோ தடுப்பூசிகளில் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் கலந்திருப்பதை 1960-ல் அவரும் சக ஆராய்ச்சியாளரும்தான் வெளிக்கொண்டுவந்தார்கள்.

நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1988-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. ஓய்வு வயது வந்த பிறகும் ஆய்வகத்தை விடவில்லை. 2005 ஏப்ரல் 11 அன்று பிலடெல்பியாவில் புற்றுநோயால் இறந்தபோது வயது 85. அப்போது அமெரிக்காவில் வழக்கமாகப் போடப்பட்ட 14 தடுப்பூசிகளில் 8 அவருடைய கையிலிருந்து வந்தவை. அவர் பெயரைத் தெருவில் கேட்டால் தெரியாது என்பார்கள். அந்தத் தெருவில் நிற்பவரின் கையில் அவருடைய ஊசி ஏறியிருக்கும்.

கூந்தன்குளத்து வாத்துகளும் நெல்லை ஆய்வகமும்

1957-ன் எச்2என்2 இப்போது எங்கே? 1968-ல் அடுத்த தாவல் நடந்தது. இரண்டு கிண்ணம் மாறி எச்3என்2 வந்ததும் பழையது மனிதர்களிடமிருந்து காணாமல் போனது. ஆக, 1968-க்குப் பிறகு பிறந்த யாருக்கும் எச்2 முகம் தெரியாது. இதைப் படிக்கும் பெரும்பாலானவர்கள் இதில் அடக்கம். எச்3என்2 இன்னமும் நம்மோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-ல் வந்த பன்றிக்காய்ச்சலும் இப்படிக் கிண்ணம் கலந்து வந்ததுதான். அந்த முறை கப்பல் இல்லை, விமானம். இந்தியாவின் முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாத்தில் கண்டறியப்பட்டார்.

எதிர்த் திசையிலும் ஆச்சரியம் உண்டு. ஃப்ளூ பி வகையில் யமகாட்டா என்ற கிளை, கொரோனா கட்டுப்பாடுகள் தொடங்கிய 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவே இல்லை. தடுப்பூசியில் அதற்கு இனி இடம் தேவையில்லை என்று 2023-ல் உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டது. நாம் வீட்டில் அடைந்து கிடந்ததில் ஒரு வைரஸ் கிளையே பட்டுப்போயிருக்கலாம்.

ஃப்ளூ ஏ வைரஸ்களின் இயற்கையான தாய்வீடு நீர்ப்பறவைகள். ராதாபுரத்துக்குப் பக்கத்துத் தாலுகாவான நாங்குநேரியில் இருக்கிறது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்து இறங்கும் இடம். இதே இனத்து வாத்துகள்தான் 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கில் செத்தன. இதற்காகக் கூந்தன்குளத்துப் பறவைகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் மக்கள் பறவைகளோடு சேர்ந்தே வாழ்கிறார்கள். ஆனால் வைரஸின் மாற்றங்கள் ஏதோ தூரதேசத்து விஷயம் இல்லை என்பதற்கு அந்தக் குளம் ஓர் அடையாளம்.

ஹில்மேன் காலத்தில் தொண்டை கொப்பளித்த தண்ணீர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சிலேயே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை நடந்தது. 2021-ல் சென்னையில் தமிழக அரசே முழு மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வகத்தைத் தொடங்கியது. உலகெங்கும் இப்படிச் சேரும் மாதிரிகளை வைத்துத்தான், உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை கூடி, அடுத்த பருவத்தின் ஃப்ளூ ஊசியில் எந்தெந்த முகங்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. பல மாதம் முன்கூட்டியே செய்யும் கணிப்பு என்பதால் சில வருஷம் சரியாகப் பொருந்தும், சில வருஷம் கொஞ்சம் தவறும். தவறினாலும் நோய் கடுமையாவதைக் குறைக்க அது உதவும்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் தலைதூக்கும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், மழை தொடங்கும் முன்பே டாக்டரிடம் ஊசி பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. காய்ச்சல் வார்டில் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். வைரஸ் மாறுவதை யாராலும் நிறுத்த முடியாது. மாறிவிட்டது என்பதை நேரத்தோடு தெரிந்துகொள்ள, ஹில்மேனுக்கு அன்று உதவியதும் அப்படி ஒரு தொண்டையிலிருந்து வந்த மாதிரிதான்.